'குட்' என்ற ஆங்கிலப் பெயரடைக்கு இயைபுச் சொற்கள்: எழுத்து ஒன்றியும் ஒலி ஒன்றாதது ஏன்?

கேள்வி: வகுப்பறைப் பாட்டு

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் பாடுவதற்காக ஆங்கிலத்தில் சிறு பாட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் அடி, நல்லது என்று பொருள்படும் 'குட்' என்ற பெயரடையில் முடிகிறது. அடுத்த அடியின் இறுதிக்கு இயைபுச் சொல் தேடினால், உணவைக் குறிக்கும் 'ஃபூட்', மனநிலையைக் குறிக்கும் 'மூட்', குருதியைக் குறிக்கும் 'பிளட்', வெள்ளத்தைக் குறிக்கும் 'ஃபிளட்' ஆகியவையே முதலில் கண்ணில் படுகின்றன. இந்த நான்கும் 'குட்' போலவே இரட்டை 'ஓ'வும் ஒரு 'டி'யும் கொண்டு முடிந்தாலும், வாய்விட்டுச் சொல்லும்போது அதனோடு ஒத்துவரவில்லை. உண்மையில் இயையும் சொற்கள் எவை, ஒரே எழுத்துக்கூட்டு மூன்று விதமாக ஒலிப்பதற்குக் காரணம் என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். பிள்ளைகள் கேட்டால் காரணத்தோடு பதில் சொல்ல விரும்புகிறேன்.

மறுமொழி 1: யாப்பு ஆர்வலர்

ஆசிரியருக்கு வணக்கம். ஆங்கில யாப்பில் முழு இயைபு என்று ஏற்கப்பட வேண்டுமானால், சொல்லில் கடைசியாக அழுத்தம் பெறும் உயிரொலியும் அதற்குப் பின் வரும் ஒலிகள் அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த உயிரொலிக்கு முன் நிற்கும் மெய் வேறுபட வேண்டும். எழுத்துக்கூட்டுக்கு இதில் இடமே இல்லை.

இவ்விதிப்படி 'குட்' என்பதோடு ஐயமின்றிச் சேரும் ஓரசைச் சொற்கள் மிகச் சிலவே. மரக்கட்டையைக் குறிக்கும் 'வுட்', நின்றதைக் குறிக்கும் 'ஸ்டுட்', தலையை மூடும் 'ஹுட்' ஆகியவை ஒரு குழு. 'கேன்', 'ஷால்', 'வில்' என்ற துணைவினைகளின் இறந்தகால வடிவங்களான 'குட்', 'ஷுட்', 'வுட்' ஆகியவை இன்னொரு குழு. பிந்திய மூன்றிலும் 'எல்' என்ற எழுத்து எழுதப்பட்டாலும் ஒலிக்கப்படுவதில்லை என்பதால், கண்ணால் தேடுகிறவருக்கு இவை அகப்படுவதில்லை. நீண்ட சொற்களில் 'அண்டர்ஸ்டுட்', 'மிஸ்அண்டர்ஸ்டுட்', 'வித்ஸ்டுட்' மூன்றும் இறுதி அசையில் அழுத்தம் பெறுவதால் உறுதியான இயைபு தருகின்றன.

தமிழ் அறிந்தவருக்கு இந்தத் தேடலில் ஒரு வசதி உண்டு. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்தும் அளவொத்து நிற்க வேண்டும். 'பட்டு' என்பதற்குக் 'கட்டு' எதுகையாகும், 'பாட்டு' ஆகாது என்பதை நம் செவி உடனே உணர்ந்துவிடுகிறது. அதே செவி, குறில் ஒலியுடைய 'குட்' என்பதோடு நெடில் ஒலியுடைய 'ஃபூட்', 'மூட்' ஆகியவற்றைச் சேர்க்க மறுக்கும். ஆங்கிலத்தில் இவற்றுக்கிடையே அளவு மட்டுமன்றி நாவின் நிலையும் சற்று மாறுகிறது என்றாலும், குறில் நெடில் உணர்வே பெரும்பாலும் போதுமானது.

ஆனால் இறுதி மெய்யில் நம் எழுத்து நம்மை ஏமாற்றிவிடும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்', வைத்தலைக் குறிக்கும் 'புட்', புகைக்கரியைக் குறிக்கும் 'சுட்' ஆகியவற்றைத் தமிழில் எழுதினால் 'குட்' என்பதோடு கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆங்கிலச் செவிக்கு அவை இயைபல்ல. அவற்றின் இறுதியில் வருவது 'பாட்டு' என்பதில் கேட்கும் வல்லொலிக்கு நெருக்கமானது. 'குட்' என்பதன் இறுதியில் வருவதோ 'பாடு' என்பதில் கேட்கும் மெல்லிய, குரல்நாண் அதிரும் ஒலிக்கு நெருக்கமானது. இரண்டையும் நாம் ஒரே 'ட்' கொண்டு எழுதுவதால் வேறுபாடு மறைந்துபோகிறது. எனவே தமிழ் எழுத்தில் பட்டியல் போட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மறுமொழி 2: சொல்வரலாறு

காரணத்தைக் கேட்டதற்காக ஆசிரியரைப் பாராட்டுகிறேன். நீங்கள் குறிப்பிட்ட ஐந்து சொற்களும் பழைய ஆங்கிலத்தில் ஒரே உயிரொலியைக் கொண்டிருந்தன. அவை ஏறத்தாழ 'கோட்', 'ஃபோட', 'மோட்', 'ப்ளோட்', 'ஃப்ளோட்' என்று நெடில் 'ஓ'காரத்தோடு ஒலித்தன. இரட்டை 'ஓ' எழுதும் வழக்கம் அந்த நெடில் 'ஓ'காரத்தைக் காட்டவே வந்தது. பின்னர் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் நிலைபெயர்ந்த பெருமாற்றத்தில் இந்த 'ஓ' நெடில் 'ஊ' ஆனது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய காலத்தை ஒட்டியே இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அச்சுப் பரவப் பரவ எழுத்துக்கூட்டு நிலைபெற்றுவிட்டது. ஒலியோ தொடர்ந்து நகர்ந்தது.

பிளவு அதன்பிறகே ஏற்பட்டது. 'பிளட்', 'ஃபிளட்' ஆகிய சொற்களில் அந்த நெடில் முதலில் குறுகியது. 17ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் குற்றுகரம் பல சொற்களில் அகரத்துக்கு நெருக்கமான ஒலியாக மாறியபோது, முன்பே குறுகியிருந்த இவ்விரண்டும் அம்மாற்றத்துக்குள் அகப்பட்டன. அதனால்தான் இன்று அவை சேற்றைக் குறிக்கும் 'மட்', மொட்டைக் குறிக்கும் 'பட்' ஆகியவற்றோடு இயைகின்றன. 'குட்', 'ஸ்டுட்' போன்றவை அம்மாற்றம் ஓய்ந்த பிறகு குறுகியமையால் உகரத்திலேயே நின்றுவிட்டன. 'ஃபூட்', 'மூட்' ஆகியவை குறுகவே இல்லை. எழுத்தில் சற்றும் ஒவ்வாத 'ரூட்', 'சூட்' ஆகியவற்றோடு அவை இயைவது அதனால்தான். முன்னது முரட்டுத்தனமான என்று பொருள்படும் சொல். பின்னது மென்றதைக் குறிக்கும் வினை.

பழைய பாடல்களில் இச்சொற்கள் ஒன்றுக்கொன்று இயைபாக நிற்பதை நீங்கள் காணக்கூடும். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தின் நான்காம் அங்கத்தில் சூனியக்காரிகள் கொப்பரையைச் சுற்றி ஓதும் ஈரடி ஒன்று 'பிளட்' என்றும் 'குட்' என்றும் முடிகிறது. அக்காலத்தில் இச்சொற்களின் ஒலி இன்றுபோல் முற்றாகப் பிரிந்து நிலைபெற்றிருக்கவில்லை. பிற்காலப் புலவர்கள் இத்தகைய இணைகளைக் கண்ணுக்குரிய இயைபு என்ற மரபாக ஏற்றுத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். அச்சில் படிக்கும் கவிதைக்கு அது பொருந்தலாம். பிள்ளைகள் கைதட்டிப் பாடும் பாட்டுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

மறுமொழி 3: யார்க்‌ஷயர்வாசி

மேலே சொன்ன பிளவு எல்லா இடத்திலும் ஒரே விதமாக நடக்கவில்லை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். வட இங்கிலாந்தின் வட்டார வழக்குகளில் 17ஆம் நூற்றாண்டு மாற்றம் வேரூன்றவில்லை. எனவே இங்கே பலருடைய பேச்சில் 'பிளட்' என்பது உகரத்தோடு ஒலித்து, 'குட்' என்பதோடு முழுமையாக இயைகிறது. ஸ்காட்லாந்து ஆங்கிலத்திலோ 'குட்', 'ஃபூட்' இரண்டின் உயிரொலியும் ஒன்றே. அங்கே அவையே இயைபு. ஆகவே மாணவர்கள் எந்த ஒலிப்பைக் கற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பாடநூலை ஒட்டிய பொது ஒலிப்பையே நாங்கள் கற்பிக்கிறோம் என்பதால் 'பிளட்', 'ஃபூட்' இரண்டையும் விலக்கிவிடுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அக்கம்பக்கத்தைக் குறிக்கும் 'நெய்பர்ஹுட்', குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் 'சைல்ட்ஹுட்' ஆகியவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறதே, அவற்றை ஏற்கலாமா? துணைவினையில் அடியை முடித்தால் வாக்கியம் முற்றுப்பெறாததுபோல் தோன்றாதா?

மறுமொழி 4: யாப்பு ஆர்வலர்

'நெய்பர்ஹுட்' என்பதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அதன் முதல் அசை வலியது, நடு அசை மெலியது. இறுதி அசை இரண்டாம் நிலை அழுத்தம் பெறுவதால், தாளம் அந்த இடத்தில் விழும்போது இயற்கையாகவே ஓங்கி ஒலிக்கும். 'பிரதர்ஹுட்' என்பதற்கும் இது பொருந்தும். 'சைல்ட்ஹுட்' ஈரசைச் சொல். வலிய முதல் அசையை அடுத்தே 'ஹுட்' வருவதால் அதைத் தூக்கி ஒலிக்க வேண்டியிருக்கும், பாட்டு இடறும். நான் அதைத் தவிர்ப்பேன்.

துணைவினையைப் பொறுத்தவரை உங்கள் ஐயம் நியாயமானது. 'ஆஸ் வீ ஷுட்', 'ஆஸ் பெஸ்ட் வீ குட்' போன்ற சிறு தொடர்களாக அமைத்தால் முதன்மை வினை முன்பே வந்துவிடும். வாக்கியமும் முழுமை பெறும். துணைவினை 'வுட்', மரத்தைக் குறிக்கும் 'வுட்' ஆகிய இரண்டையும் ஒன்றுக்கொன்று இணையாக வைக்காதீர்கள். ஒலி முழுவதும் ஒன்றாக இருப்பதால், ஆங்கில மரபு அதை வலுவற்ற இயைபாகவே கருதுகிறது.

சரிபார்ப்பதற்கு நூல் தேடுவீர்களானால் அதன் அடுக்குமுறையை முதலில் பாருங்கள். ஜான் வாக்கர் 1775இல் வெளியிட்ட புகழ்பெற்ற இயைபு அகராதி சொற்களை இறுதி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்குவதால், 'குட்', 'ஃபூட்', 'பிளட்' மூன்றும் அதில் அருகருகே வரும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஒலிப்பு அகராதி ஏறத்தாழ 1,34,000 சொற்களை ஒலிக்குறிகளாலேயே பதிந்து வைத்திருக்கிறது. அமெரிக்க ஒலிப்பைத் தழுவியதானாலும் இந்தச் சொற்களுக்கு அது தடையாகாது. அதில் 'குட்' என்பதன் உயிரொலி 'யூஹெச்' என்றும், 'ஃபூட்' என்பதன் உயிரொலி 'யூடபிள்யூ' என்றும், 'பிளட்' என்பதன் உயிரொலி 'ஏஹெச்' என்றும் குறிக்கப்படும். அழுத்தத்தின் நிலையைக் காட்டும் எண்ணும் கூடவே இருக்கும்.

பாட்டைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். முதல் அடியிலேயே 'குட்' என்று முடிக்காமல், 'அண்டர்ஸ்டுட்' அல்லது 'நெய்பர்ஹுட்' என்பதை முதல் அடியின் இறுதியில் வைத்து, 'குட்' என்பதை இரண்டாம் அடியின் இறுதிக்கு நகர்த்திப் பாருங்கள். அரிய சொல் முன்னால் வந்து எளிய சொல் பின்னால் வந்தால், இயைபுக்காகச் சொல்லைத் திணித்ததாகக் கேட்பவருக்குத் தோன்றாது; பிள்ளைகளும் எளிய சொல்லில் அடியை உரத்து முடிப்பார்கள்.