நெல்லையிலிருந்து உவரி வரை: கால்வாய்க் கரையா, கடற்கரையா?

செம்மண்சக்கரம்:
தை மாதம் இரண்டு நாள் கிராவல் பைக் (மண்பாதையிலும் ஓடுகிற அகல டயர் சைக்கிள்) சவாரிக்கு ஒரு வழி போட்டிருக்கிறேன். முதல் நாள் நெல்லையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் அணை வரை தாமிரபரணி ஓரத்துக் கிராமப் பாதைகள். அங்கிருந்து தென்கால் என்கிற பாசனக் கால்வாயின் கரையைப் பிடித்துக் கடம்பாகுளம், குரும்பூர், திருச்செந்தூர். இரண்டாம் நாள் குதிரைமொழித் தேரி என்கிற சிவப்பு மணல்காட்டின் ஓரமாக உடன்குடி, அப்புறம் மணப்பாடு, பெரியதாழை, உவரி. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பெரிய சாலைகளில் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். அவர்களுக்கு நடுவில் சைக்கிள் விடக் கூடாது என்பதற்காகவும் உள்வழிகளாகவே தேர்ந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்க்கத்தான் போகிறோம், ஆனால் வண்டி ஓட வேண்டியது உள்ளே, வயலுக்கும் பனைக்கும் நடுவில். கடலை அங்கங்கே போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினால் போதும். கரையை ஒட்டியே போனால் ஒன்று தார்ச்சாலை, இல்லையென்றால் சக்கரம் புதைகிற மணல்.

மணப்பாட்டான்:
தம்பி, நான் பிறந்து வளர்ந்த கரையைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிற இடமாக வைத்திருக்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே வரும்போது அமலிநகர், ஆலந்தலை, கல்லாமொழி, குலசை (குலசேகரன்பட்டினம்), மணப்பாடு என்று ஊருக்கு ஊர் கடல் கூடவே வரும். விடியற்காலை வள்ளங்கள் கரையேறுகிற நேரத்தில் இந்த ஊர்களைக் கடந்து பாருங்கள். அலைவாய்க்கு அருகே ஈர மணல் இறுகிக் கிடக்கும். அதில் சின்ன வயதில் சாதாரண சைக்கிளிலேயே நாங்கள் ஓட்டியிருக்கிறோம். மணப்பாட்டு மணல்மேட்டில் ஏறி, திருச்சிலுவைக் கோயில் வாசலில் நின்றால் கருமேனியாறு கடலில் சேருகிற இடம் காலுக்குக் கீழே தெரியும். 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகை அந்த மேட்டின் அடியில்தான் இருக்கிறது. இதையெல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு எதற்கு நெல்லையிலிருந்து வர வேண்டும்?

தென்கால்கரை:
அண்ணாச்சி சொல்கிற அழகை நான் மறுக்கவில்லை. பாதை என்று பார்த்தால் செம்மண்சக்கரம் சொல்வதுதான் சரி.

ஈர மணலை நம்பி வழி போட முடியாது. மன்னார் வளைகுடாவில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. கடல் வற்றும்போது அகலமான கெட்டித் தரை கிடைக்கிற கரைகள் வேறு. இங்கே கிடைப்பது ஒடுங்கிய ஒரு பட்டை, அதுவும் சரிவாக. அதில் வலை காயும், வள்ளம் நிற்கும், கயிறு கிடக்கும். அது அவர்கள் வேலை செய்கிற இடம். பதினைந்து சைக்கிள் வரிசையாகப் போனால் யாருக்குத் தொந்தரவு?

அடுத்தது ஆறு. தூத்துக்குடியிலிருந்து கரையோடு வரலாம் என்று போனமுறை ஒரு நண்பர் கிளம்பினார். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் விழுகிறது. அங்கே பாலம் கிடையாது. ஆத்தூர், முக்காணி வரை உள்ளே வந்துதான் ஆற்றைத் தாண்ட வேண்டும். மணப்பாட்டிலும் கழிமுகம் குறுக்கே வரும். ஆக, கடற்கரை வழி என்று ஒரே கோடாக எதுவும் இல்லை, துண்டு துண்டாகத்தான் இருக்கிறது.

கடைசியாக உப்பு. உப்புத்தண்ணீர் தெறித்த சங்கிலியை அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடவில்லை என்றால் மறுநாள் காலையில் துரு தெரியும். நான் பார்த்தது.

தென்கால் கரைக்கு வாருங்கள். ஒரு பக்கம் ஓடுகிற தண்ணீர், மறு பக்கம் வாழையும் பிசானப் பருவ நெல்லும். இறுகிய சரள்மண். நம் ஊரில் லாரியில் வருகிற செம்மண்ணையே கிராவல் என்றுதான் சொல்கிறோம், இந்த வண்டிக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்பிருந்தே. 40 மிமீ டயரில் மணிக்கு இருபது கிலோமீட்டர் நிதானமாகப் போகலாம்.

மிதிவண்டிக்காரி:
கால்வாய்க் கரையைப் பற்றி இவ்வளவு பேசியும் ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

அந்தக் கரையில் படித்துறைகள் இருக்கின்றன. காலை ஆறிலிருந்து எட்டு வரை பெண்கள் குளிக்கிற, துணி துவைக்கிற நேரம். அந்த நேரத்தில்தான் நம் சவாரிகள் எல்லாமே கிளம்புகின்றன. தலைக்கவசத்தில் கேமராவோடு ஆண்கள் கும்பலாகப் போவதை நான் பின்னால் வந்து பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி ஈரச் சேலையோடு வாழைத் தோட்டத்துக்குள் ஒதுங்கி நின்றார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தப் படித்துறை அவருக்குக் குளியலறை என்பது போகிறவர்களுக்குத் தோன்றவேயில்லை, அவ்வளவுதான். நான் அன்றைக்கு அங்கேயே இறங்கி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

அதனால் வழி எதுவானாலும் படித்துறை வருகிற இடங்களில் கரையை விட்டு இறங்கி ஊர்ச்சாலையில் போக வேண்டும், கேமராவை அணைத்துவிட வேண்டும். இது முடிவானால்தான் நான் வருவேன்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் போன பாதையில்தான் இந்தக் கரைகள் இருக்கின்றன. பழைய ஜிபிஎஸ் தடத்தை வைத்துக்கொண்டு "பாதை இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

தென்கால்கரை:
அக்கா, படித்துறை விஷயத்தில் மறுபேச்சே இல்லை. நானும் அந்த நேரத்தில் அந்த வழியாகப் போயிருக்கிறேன், யோசித்ததில்லை. இனி மாற்றிக்கொள்கிறேன்.

பனைநிழல்:
இரண்டாம் நாளைப் பற்றிப் பேசுவோம். தேரியின் ஓரமாக எதற்கு? நேரே குறுக்கே போகலாமே. சிவப்பு மணல், பனை, முந்திரி, மனித நடமாட்டமே இல்லாத வெளி. அதைவிட நல்ல கிராவல் அனுபவம் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?

செம்மண்சக்கரம்:
ஆசை புரிகிறது, நானும் அப்படித்தான் ஒருமுறை இறங்கினேன். சித்திரை மாதம், 38 மிமீ டயர். நானூறு மீட்டர்கூட ஓட்டவில்லை. மீதியெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் நடந்தேன். தண்ணீர் தீர்ந்துபோய்ப் பனையேறி ஒருவர் கொடுத்த பதநீரால்தான் தெளிந்தேன்.

தேரி மணல் காற்று கொண்டுவந்து குவித்தது. இரும்புச்சத்தால் சிவந்திருப்பதைப் பார்த்து நம் செம்மண் மாதிரி இறுகி இருக்கும் என்று ஏமாந்துவிடுகிறோம். மழை பெய்து ஓரிரு நாள் வரை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் மாவு. அதோடு குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறையிடம் கேட்காமல் குறுக்கே புகுவது தவறு. ஓரத்தில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கும் கற்குவேல் அய்யனார் கோயிலுக்கும் நல்ல வழி இருக்கிறது. அந்த மணலைத்தான் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா முடிந்ததும் மக்கள் பிடி அள்ளி வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். நாம் டயர் தடம் போட்டு விளையாடுவதற்கு அது வெறும் தரை இல்லை.

பனைநிழல்:
45 மிமீ டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத டயர்) போட்டு, காற்றைக் குறைத்தால்?

செம்மண்சக்கரம்:
ஓரப் பாதைக்கு அது போதும். நடுத்தேரிக்கு நான்கு அங்குல டயர் வேண்டும், அது வேறு வண்டி. ஆனால் டியூப்லெஸ் எல்லோரும் போட்டே ஆக வேண்டும், முள் குத்திய ஓட்டையைத் தானே அடைக்கிற சீலண்டும் புதிதாக ஊற்றியிருக்க வேண்டும். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் வழி நெடுகக் கிடக்கும். டியூப் போட்டு வந்தவர்கள் போனமுறை ஆளுக்கு மூன்று பஞ்சர் ஒட்டினார்கள்.

மணப்பாட்டான்:
தேரிக்குக் காட்டுகிற மரியாதையைக் கொஞ்சம் கடலுக்கும் காட்டுங்கள்.

வலை காயும் இடத்தில் சைக்கிள் விடக் கூடாது என்பது சரிதான், அதை நான் சொல்லாமல் விட்டது தப்பு. ஆனால் கரைக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஊர்ப்பாதைகள் இருக்கின்றன. பனைவிளைகளுக்குள் போகிற வண்டித்தடம், தாழம்புதர் ஓரம், கோயில் பின்புறம். வரைபடத்தில் பாதி கிடைக்காது, ஊர்க்காரரிடம் கேட்டால் கிடைக்கும். நீங்கள் ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் தார் என்று பிரித்துவிட்டு நடுவில் இருப்பதைப் பார்க்கவில்லை.

காற்றையும் யாரும் சொல்லவில்லை. தையில் வடக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும். திருச்செந்தூரிலிருந்து உவரிக்குப் போனால் முதுகில் தள்ளும், கடலோரத்தில் இன்னும் நன்றாகத் தள்ளும். இதே வழியில் ஆனி, ஆடியில் போனால் தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். அப்போது உவரியிலிருந்து வடக்கே வர வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 பிப்ரவரி 28-இல் குலசையில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் அதற்கென்று எடுத்திருக்கிறார்கள். நாங்கள் நடந்த தடங்களில் எது நாளைக்கும் இருக்கும், எது வேலிக்குள் போகும் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது ஓட்டாமல் எப்போது ஓட்டப்போகிறீர்கள்?

மிதிவண்டிக்காரி:
இந்தக் கடைசிக் காரணம் என்னை மாற்றுகிறது. முதல் நாள் கால்வாய்க் கரை, இரண்டாம் நாள் முழுவதும் அண்ணாச்சி சொல்கிற ஊர்ப்பாதை என்று வைத்தால் என்ன? உடன்குடியில் கருப்பட்டி வாங்குவதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். தையில் பதநீரும் இருக்காது.

தென்கால்கரை:
தேரி ஓரத்தை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. திருச்செந்தூரில் பிரிந்து, விருப்பப்பட்டவர்கள் தேரி வழி, மற்றவர்கள் கடல் வழி, மணப்பாட்டில் சேர்வது என்று வைக்கலாம்.

செம்மண்சக்கரம்:
பிரிய வேண்டாம். முள்ளில் மாட்டினால் உதவிக்கு ஆள் வேண்டும். குலசை வரை எல்லோரும் கடல் வழி போவோம். தேரி ஓரத்தை மாசியில் தனியாக ஒரு நாள் வைக்கிறேன். படித்துறை விதியை அழைப்பிலேயே எழுதுகிறேன். கரையை ஒட்டியே முழுவதும் போகலாம் என்பதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. குலசைக்கும் மணப்பாட்டுக்கும் நடுவில் பாதை இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் மீதியைப் போட முடியும்.

மணப்பாட்டான்:
ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நானே குலசை வரை ஓட்டிப் பார்க்கிறேன். எங்கே வேலி, எங்கே மணல், எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று படத்தோடு போடுகிறேன். ஓட்ட முடியாத இடம் எது என்றும் மறைக்காமல் எழுதுவேன், தம்பி.