லைவ் யூஎஸ்பி: ‘நிறுவா இயக்கம்’ பொருந்துமா?

வணக்கம் நண்பர்களே,

லைவ் யூஎஸ்பி என்பது, கணினியில் நிறுவாமலேயே ஓர் இயங்குதளத்தை ஓட்ட உதவும் விரலி (பென் டிரைவ்). அதற்குத் தமிழில் சொல்லப்படும் ‘நேரலை விரலி’ எனக்கு ஒப்பவில்லை. நேரலை என்றதும் ஒளிபரப்புதான் நினைவுக்கு வருகிறது. ‘தற்காலிக இயக்கம்’ என்பதும் சரியில்லை. என் மடிக்கணினியின் வன்தட்டு பழுதாகிக் கழற்றிவிட்டேன், இரண்டு மாதமாக 32 ஜிபி விரலி ஒன்றில் இருந்துதான் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டுகிறேன், அஞ்சல், எழுத்து, நிரல் எல்லாமே அதில்தான். இதில் தற்காலிகம் எங்கே?

உள்ளே நடப்பதைப் பார்த்தால் சொல்லும் கிடைத்துவிடும். இயங்குதளம் முழுவதும் ஸ்குவாஷ்எஃப்எஸ் வடிவில், சுருக்கிய ஒரே கோப்பாக விரலியில் இருக்கிறது. அதைப் படிக்கலாம், மாற்ற முடியாது. நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் ஓர் அடுக்காகக் கணினியின் நினைவகத்தில் (ரேம்) சேர்கின்றன, கணினியை அணைத்ததும் அந்த அடுக்கு போய்விடும். அதை விரலியிலேயே ஒரு தனிப் பிரிவில் எழுதும்படி அமைத்தால் அடுத்த முறையும் கிடைக்கும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அப்போதும் அடியில் இருக்கும் கோப்பு அப்படியேதான் இருக்கிறது, எதுவும் நிறுவப்படவில்லை.

ஆனால் வன்தட்டில் நிறுவுவது போலவே விரலியிலும் ஒரு இயங்குதளத்தை முழுதாக நிறுவ முடியும், அது வேறு. ‘கையடக்க இயங்குதளம்’ என்று சொன்னால் இரண்டும் அதற்குள் வந்துவிடும், வேறுபாடு தெரியாது. இரண்டையும் பிரிப்பது நிறுவாமைதான், அதனால் ‘நிறுவா இயக்கம்’ என்கிறேன். நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் 2000-லேயே குறுந்தகட்டில் இருந்து செய்து காட்டியதும் இதுதான், ஆகவே வட்டு போய் விரலி வந்தாலும் இந்தச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

ஒரு சிக்கல். ‘நிறுவா விரலி’ என்று சுருக்கக் கூடாது. அதை வைத்து நிறுவவே முடியாது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார், பெரும்பாலான விரலிகளிலோ நிறுவும் நிரலும் கூடவே வருகிறது. ‘நிறுவா இயக்க விரலி’ கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

அப்புறம், பெர்சிஸ்டென்ஸ், அதாவது நாம் செய்த மாற்றங்கள் கணினியை அணைத்த பிறகும் அழியாமல் இருப்பது. ‘நிலைத்தன்மை’ என்று சிலர் எழுதுகிறார்கள், அதை ஏற்கெனவே ஸ்டெபிலிட்டிக்குப் பயன்படுத்துகிறோமே, ‘நிலைத்தன்மை இல்லை’ என்றால் கணினி அடிக்கடி முடங்குகிறது என்றுதான் புரியும். ‘நிலைப்பு’ போதும், மாற்றங்களை எழுதும் இடம் ‘நிலைப்புப் பிரிவு’. இரண்டு பகரம் அடுத்தடுத்து வருவது உச்சரிக்கத் தடுக்குகிறதா, சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.