சிக்னல் விட்டுவிட்டு வந்தா பொயின்ற்ஸ் ரெண்டு தரம் ஏறுது

வணக்கம் உறவுகளே. மாங்குளத்தில எங்கட பலசரக்குக் கடைக்கு பொயின்ற்ஸ் சிஸ்டம் போட்டிருக்கிறம்: சாமான் வாங்கிற ஆக்களுக்கு 100 ரூபாய்க்கு 1 பொயின்ற், சேர்ந்ததைப் பிறகு காசுக்குப் பதிலாக் கழிக்கலாம். மழைக்குச் சிக்னல் போய் வரேக்க ஒரே பில் திரும்பவும் சேர்வருக்குப் போய் ரெண்டு தரம் ஏறுது. பில் நம்பரை வைச்சு ரெண்டாவதை மறிக்கலாம், அது விளங்குது. நெற் இல்லாத நேரம் பொயின்ற்ஸைக் கழிக்க விடலாமோ? ஒரே கணக்கைத் தாய் இங்கயும் மகன் கிளிநொச்சிக் கிளையிலயும் பாவிச்சா மிச்சம் மைனசுக்குப் போயிடுமே!

மற்றது, ஒரு அக்கா பாதி பொயின்ற்ஸ், பாதி காசு குடுத்து வாங்கின மா பக்கற்றைத் திருப்பித் தந்தவ. கணக்கில பழைய பதிவை அழிக்காமல், அதை ஈடுகட்டிற எதிர்ப்பதிவு ஒண்டு போடுறதுதான் முறை, சரி. ஆனா கழிச்ச பொயின்ற்ஸ் இதுக்கிடையில காலாவதியாகியிருந்தா எந்தத் திகதி போட்டுத் திருப்பிக் குடுக்கிறது? செய்து பழகின ஆக்கள் சொல்லுங்கோ. இன்பொக்ஸ் வேண்டாம், கீழயே எழுதுங்கோ.