தோட்டத்துத் துரை பங்களா: கோப்பிக் காலத்ததா, தேயிலைக் காலத்ததா?

கேள்வி

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே என் பாட்டனார் வேலை செய்த தோட்டத்தில், மலைமுகட்டில் ஒரு பழைய துரை பங்களா (தோட்ட நிர்வாகியின் வீடு) இருக்கிறது. கருங்கல் அத்திவாரம், தகரக் கூரை, மூன்று புகைபோக்கிகள், அகன்ற விறாந்தை. சமையலறை மட்டும் தனியே நிற்க, கூரையிட்ட ஒரு நடைபாதை அதை வீட்டோடு இணைக்கிறது. அது கோப்பிக் காலத்துக் கட்டடம் என்று தோட்டத்தில் சொல்கிறார்கள். அப்படி இருக்க முடியுமா? சமையலறையை ஏன் பிரித்து வைத்தார்கள்?

மறுமொழி 1

முழுக் கட்டடமும் கோப்பிக் காலத்தது என்று ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காட்டை வெட்டிக் கோப்பி நட்ட தொடக்ககாலத் துரைமார் பலர், வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவருக்கும் புல் வேய்ந்த கூரைக்கும் கீழேதான் குடியிருந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது. தேயிலை நிலைபெற்று, தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்கு மாறிய பின்னரே இத்தகைய பெரிய பங்களாக்கள் பெருகின. ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல்தான். அதற்கு முன் தகரமும் இரும்பும் மாட்டுவண்டியில் மலையேற வேண்டியிருந்தது. ஆயினும் பழைய சிறுவீட்டைச் சுற்றி அறைகளைக் கூட்டிக்கொண்டே போவதும் வழக்கம் என்பதால், நடு அறைகளின் சுவர்க்கனத்தை ஓர அறைகளின் சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுச்சுவர் கனத்திருந்தால் அந்தப் பகுதி முந்தியதாக இருக்கலாம்.

மறுமொழி 2

சமையலறையைப் பிரித்ததற்கு விறகடுப்பின் புகையும் தீவிபத்து அச்சமும் காரணங்கள். ஆனால் அந்த நடைபாதை ஆட்களையும் பிரித்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அப்பு எனப்பட்ட சமையற்காரரும் மற்ற வேலையாட்களும் பின்வழியால் வந்து பின்வழியாலேயே போனார்கள். விருந்தினர் முன்விறாந்தையில் ஏறினார்கள். பங்களாவை முகட்டில் வைத்ததும் காட்சியழகுக்காக மட்டுமன்று: ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலை, தொழிலாளரின் வரிசைவீடுகளான லயம் ஆகியவற்றை அங்கிருந்து பார்க்க முடிந்தது. லயத்தில் ஒரு குடும்பம் முழுவதற்கும் கிடைத்தது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அறை ஒன்றுதான். ஆகவே பங்களாவின் வரைபடத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் பாதிக் கட்டடத்தைத்தான் ஆராய்ந்தவர்கள் ஆவோம்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. நடுவிலுள்ள இரண்டு அறைகளின் சுவர் கையால் தொட்டாலே தெரியும் அளவுக்குக் கனமானது. புகைபோக்கிகளில் ஒன்று அங்கேதான் எழுகிறது, மற்ற இரண்டும் பக்க அறைகளில் இருக்கின்றன. என் தாயார் சிறுவயதில் விறகு கொண்டுபோய்க் கொடுத்ததும் அந்த நடைபாதை முனையில்தான். அதைத் தாண்டி உள்ளே போனதே இல்லை என்பார். அடுத்த மாதம் அளவுநாடாவுடன் போகிறேன். பங்களாவோடு, பாட்டனார் இருந்த லயத்தையும் அளந்து இங்கே எழுதுவேன்.