மூணாறு பக்கம் ஹெதர்: அடையாளமும் வளர்ப்பும்

மூணாறு வட்டாரத்தில் செடி வளர்ப்பவர்கள் ஊர்வாரியாகச் சொன்னவை.

மூணாறிலிருந்து:
ஹெதர் என்பது குட்டைப் புதராக வளரும் பூச்செடி. அந்தப் பெயரைச் சொல்லி நர்சரிகளில் கொடுப்பது பெரும்பாலும் கூஃபியா. மெக்சிகோ பக்கத்துச் செடி, மருதாணிக் குடும்பம். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஆறு இதழும் தனித்தனியாக விரிந்திருந்தால் அது கூஃபியாதான். இலையும் தட்டையாக, எதிரெதிராக இருக்கும்.

ஹெதருக்கு நெருங்கிய உறவான எரிகாவில் இதழ்கள் ஒட்டி மணியாகவோ குழாயாகவோ இருக்கும். விளிம்பில் நான்கு பல். ஊசி இலைகள் ஒரு கணுவைச் சுற்றி மூன்று நான்காக நிற்கும். அசல் ஹெதரான கல்லூனாவில் இலை செதில் மாதிரி, நான்கு வரிசையாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். அதன் பூவுக்கு நிறம் தருவது வெளி அடுக்கான புல்லி இதழ். அல்லி இதழ் அதைவிடக் குட்டை, உள்ளே மறைந்துவிடும். காய்ந்த பிறகும் பூ உதிராமல் நிற்பது அதனால்தான்.

இதைப் பிரித்துப் பார்க்காமல் கத்தரி எடுக்காதீர்கள். கூஃபியாவை ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். கல்லூனா இலையில்லாத பழைய கட்டையில் துளிர்க்காது. பூ முடிந்ததும் பூங்கதிருக்குச் சற்றுக் கீழே, பச்சை இலை இருக்கும் இடத்தில் வெட்டுங்கள்.

தேவிகுளத்திலிருந்து:
தேயிலை வரும் மண்ணே எரிகாவுக்கும் கல்லூனாவுக்கும் தோது, மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை. தொட்டிக்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, தேயிலைத் தோட்ட மேல்மண் 1 பங்கு, பெருமணல் 1 பங்கு. நார்த்தூளை இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்தால்தான் உப்பு போகும். சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு கிட்டவே வரக்கூடாது. புது சிமெண்ட் தொட்டியும் வேண்டாம், அதிலிருந்து சுண்ணாம்பு கசியும்.

வேர் தலைமுடியைவிட மெல்லியது, வேர்த்தூவி கிடையாது. வேருக்குள் வாழும் பூஞ்சைதான் சத்தை எடுத்துக் கொடுக்கிறது. யூரியாவோ பச்சைச் சாணமோ போட்டால் வேர் கருகிவிடும்.

இங்கே செடியைக் கொல்வது குளிர் அல்ல, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கும் மழை. மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு கிளை மட்டும் சாம்பல் நிறமாக வாடும். தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அதோடு செடி போய்விடும். அடித்தண்டில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சைக்குப் பதில் பழுப்பு தெரிந்தால் அநேகமாக ஃபைட்டோஃப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமியால் வரும் வேரழுகல். அந்தச் செடி பிழைக்காது, அந்த மண்ணும் மறுபடி ஆகாது. நடும்போதே 25 செ.மீ. மேடு கட்டிச் சரிவில் வைப்பது ஒன்றுதான் நம்பகமான வழி. தொட்டி என்றால் மூன்று மாதமும் இறவாரத்துக்கு உள்ளே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

காந்தளூரிலிருந்து:
தேவிகுளம் அண்ணன் சொன்ன கலவை இங்கேயும் சரி. ஆனால் நம் பக்கம் மழை குறைவு, போர் தண்ணீரை நம்பினால் சிக்கல். தண்ணீர் கடினமாக இருந்தால் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். நார்த்தூள் ஒரு தடவை முழுக்கக் காய்ந்தால் மேலே ஊற்றுவது ஓரமாக ஓடிவிடும். வாளித் தண்ணீரில் தொட்டியை முக்கி, குமிழி நிற்கும்வரை விடுங்கள்.

தண்டு வெட்டி நட, பூவில்லாத 4 செ.மீ. தளிர், அடி இலை உருவி, நார்த்தூளும் மணலும் சரிபாதி. வேர்விட 6 முதல் 8 வாரம்.

வட்டவடையிலிருந்து:
எரிகா, கல்லூனா குடும்பத்துச் செடி நம் சோலை ஓரத்திலேயே உண்டு. இலையைக் கசக்கினால் வலித்தைல வாசனை, வெள்ளைக் குடுவைப் பூ, நீலக் காய் என்றால் அது கால்தீரியா. காட்டுப்பூவரசும் (ரோடோடென்ட்ரான்) இதன் உறவுதான். சிவப்புப் பூ, இலையின் அடிப்புறம் துரு நிறம். இரவிகுளம் தேசியப் பூங்காவிலிருந்து செடியோ விதையோ எடுக்கவே கூடாது. சொந்த நிலத்தில் நிற்கும் செடியில் விதை எடுத்தால், அது தூசி அளவுதான் இருக்கும். மண் போட்டு மூடாமல் ஈர நார்த்தூளின் மேல் தூவி, கண்ணாடியால் மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள்.