அச்செடுத்துச் செய்த தாங்கியும் தோலில் விழுந்த தடமும்

பக்கவாதம் வந்து நான்கு மாதங்களான பின்பும் என் தந்தையின் இடது பாதம் நிமிரவில்லை. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் விரல்நுனி தரையில் உரசியதால், இடுப்பைத் தூக்கிக் காலை வெளிப்பக்கமாகச் சுழற்றியே நடந்து, பத்தடிக்குள் களைத்துப் போனார். கடையில் ஆயத்தமாகக் கிடைத்த தாங்கி பாதத்தை உயர்த்தியது உண்மைதான். ஆனால் குதிகால் அதற்குள் நிலைகொள்ளாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

ஆகவே, அச்செடுத்துச் செய்யும் ஏ.எஃப்.ஓ. என்ற கணுக்கால் தாங்கிக்கு மாறினோம். தாங்கிகளை அளவெடுத்துச் செய்து பொருத்தும் வல்லுநரான ஆர்த்தோட்டிஸ்ட், கணுக்காலைச் செங்கோணத்தில் பிடித்து மாவுக்கட்டுப் போட்டு, இறுகியதும் வெட்டிக் கழற்றி, அந்தக் கூட்டில் சாந்தை ஊற்றிக் காலின் வார்ப்பை எடுத்தார். எலும்பு புடைத்திருக்கும் இடங்களில் மேலும் சாந்து பூசி மேடாக்கிய பிறகே, சூட்டில் இளகிய பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் படியவைத்தார். அப்போதுதான் அங்கெல்லாம் தகடு சற்று விலகி நின்று தோலை நசுக்காது என்றார். ஆயத்தத் தாங்கியில் கிடைக்காதது இந்தக் கவனம்தான் என்பது என் கருத்து.

அதை அணிந்த அன்று குதிகால் முதலில் ஊன்றியது, விரல்கள் உரசவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவது, உள்ளே பருத்திக் காலுறை என்று எல்லாவற்றையும் பின்பற்றினோம். ஆனால் கழற்றிய பின் வெளிக்கணுக்காலில் தெரிந்த சிவப்பு அரை மணி நேரம் கடந்தும் மறையாதபோது, பழகிவிடும் என்று ஒரு வாரம் விட்டுவிட்டோம், தோல் உரிந்தது. சென்று காட்டியதும் அந்த இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளிச் சரிசெய்து கொடுத்தார்கள். அந்த ஒரு வாரத் தாமதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இதைப் பகிர்ந்த குழுவின் மற்றோர் உறுப்பினரின் மறுமொழி:

உங்கள் தந்தைக்காவது வலி தெரிந்திருக்கும். நீரிழிவால் எனக்கு உள்ளங்காலில் உணர்ச்சியே இல்லை. பெருவிரலின் அடிமேட்டில் வந்த புண் ஆறிய பிறகு, பாத அச்சுக்கு ஏற்பச் செய்த உள்ளடியைக் காலணிக்குள் வைத்திருக்கிறேன். உடல் எடையை அது பாதம் முழுவதற்கும் பரப்பி, அந்த மேட்டின் சுமையைக் குறைக்கிறது. ஒவ்வோர் இரவும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன். ஓர் இரவு அதே இடத்தில் சிவப்பு தெரிந்தது. மறுநாளே சென்றபோது, நாள்பட்ட பயன்பாட்டில் உள்ளடி அங்கே அமுங்கித் தட்டையாகியிருந்ததைக் காட்டினார்கள். புண் திரும்புமுன் புதியதைச் செய்து தந்தார்கள்.