கைமாறிய ஆட்டம், கவனிக்க ஆளில்லை

பெரம்பூர்வாசி:
2009-ல் பெரம்பூர் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்துப் பழகிய ஆன்லைன் கேம், இன்னும் விடவில்லை. கம்பெனி கைமாறியதிலிருந்து கேட்பாரில்லை. ஆட்டத்துச் சந்தையில் நிற்பதில் பாதி பாட்கள், அதாவது ஆளில்லாமல் தானாக ஆடும் நிரல்கள். அவை தங்கத்தை அள்ளிக் கொட்டுவதால் சாதாரண வாள்கூட யானை விலை. புகார் கொடுத்தால் தானியங்கி பதில். கம்பெனி காசுக்கு விற்கும் கடையில் மட்டும் வாராவாரம் புதுத் தொப்பி! மூடிவிடுவார்களோ?

அடையாறு ஆந்தை:
மூடினாலும் முடிந்துவிடாது அண்ணா. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேமை என்சிசாஃப்ட் கம்பெனி 2012 நவம்பரில் மூடியது. ரசிகர்கள் தனி சர்வரில் ஓட்டினார்கள். 2024 ஜனவரியில் அந்த ரசிகர்களின் ஹோம்கமிங் குழுவுக்கு, அதை நடத்த உரிமமே கிடைத்தது.

கிண்டி கேமர்:
அது அபூர்வம். யுபிசாஃப்ட் கம்பெனியின் தி க்ரூ என்ற கார் பந்தய கேம் 2024 மார்ச் 31-ல் நின்றது. தனியாக ஓட்டவும் சர்வர் வேண்டும் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டிஸ்க்.

பெரம்பூர்வாசி:
சரி, டாப்-அப் நிறுத்திவிட்டேன். நேற்று ராத்திரி கில்ட் ஹாலில், அதாவது ஆட்டத்துக்குள் எங்கள் குழு கூடும் இடத்தில், நான் மட்டும். பட்டியலில் 42 பேர். எனக்கு முன் கடைசியாக வந்த தம்பி பெயருக்குப் பக்கத்தில் ‘811 நாட்களுக்கு முன்’. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.